தலையில் தீபம் ஏந்தி வந்தவள்

கி.பி. 304. சிசிலித் தீவின் சிராகூசா நகரில் ஒரு கல்யாணம் நின்றுபோனது. பெண்ணின் பெயர் லூசியா. ஒளி என்று பொருள்படும் ‘லுக்ஸ்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர். அவளுடைய தாய் நெடுநாளாக உதிரப்போக்கால் அவதிப்பட்டுவந்தாள். தாயும் மகளும் கட்டானியா ஊரில் இருந்த புனித அகத்தாவின் கல்லறைக்குப் போய் வேண்டிக்கொள்ள, நோய் விட்டது. ஊர் திரும்பிய லூசியா, தனக்கென்று எடுத்துவைத்த சீதனத்தை ஏழைகளுக்குப் பகிர்ந்து கொடுத்துவிடலாம் என்றாள். தாயும் சம்மதித்தாள். தன் கைக்கு வரவேண்டிய சொத்து தெருத்தெருவாகக் கரைந்துகொண்டிருக்கிறது என்று கேள்விப்பட்ட மாப்பிள்ளைக்குக் கோபம் தலைக்கேறியது. டயோக்ளீஷியன் பேரரசர் கிறிஸ்தவர்களைத் தேடித் தேடிக் கொன்றுகொண்டிருந்த காலம் அது. அதிகாரியிடம் போய் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் சொன்னான்.

இழுத்துப் போக ஆட்கள் வந்தார்கள். அவளை நகர்த்த முடியவில்லை. மாடுகளைப் பூட்டி இழுத்துப் பார்த்தார்கள், அசையவில்லை. சுற்றிலும் விறகடுக்கித் தீ மூட்டினார்கள். தீ அவளைத் தொடவில்லை. கடைசியில் வாள் அவள் கழுத்தில் இறங்கியது. இது பக்தர்கள் வாயில் வளர்ந்த கதை. ஆனால் லூசியாவின் மீதான பக்தி எவ்வளவு பழையது என்பதற்குக் கல்லிலேயே சாட்சி உண்டு. 1894-ல் சிராகூசாவின் நிலத்தடிக் கல்லறை ஒன்றில் கிரேக்க எழுத்துப் பொறித்த ஒரு பலகை கிடைத்தது. யூஸ்கியா என்ற பெண் லூசியாவின் திருநாளில் இறந்தாள் என்று அது சொன்னது. லூசியா மறைந்து சுமார் நூறு ஆண்டுகளுக்குள் வெட்டப்பட்ட கல்வெட்டு! அந்தத் திருநாள் டிசம்பர் 13. கண் நோய் தீர வேண்டுகிறவர்கள் இன்றும் கும்பிடும் புனிதை இவள்தான். கொழும்பு கொட்டாஞ்சேனையில் குவிமாடத்தோடு நிற்கும் பேராலயமும் இவள் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் இவளுக்கு விசித்திரமான மறுபிறப்பு காத்திருந்தது இந்த ஊர்களில் எதிலுமே அல்ல.

சிசிலியிலிருந்து வெகுதூரம் வடக்கே, பனி மூடிய ஸ்வீடனில், டிசம்பர் என்றால் இருட்டு. ஸ்டாக்ஹோமில் சூரியன் காலை எட்டரைக்குப் பிறகுதான் தலைகாட்டும். பிற்பகல் மூன்றுக்குள் போய்விடும். இன்னும் வடக்கே போனால் சில வாரங்களுக்கு உதிப்பதே இல்லை. பழைய காலத்துக் குடியானவர்களுக்கு அந்த மாதத்தில் ஒரு இரவு மட்டும் மற்ற இரவுகளைப் போல இல்லை. அன்று தொழுவத்து மாடுகள் பேசும் என்றார்கள். பசி தாங்காமல் மாடு மூன்று முறை கட்டுத்தறியைக் கடிக்கும் அளவுக்கு நீண்ட இரவு என்றார்கள். அதனால் கால்நடைகளுக்கு அன்று கூடுதல் தீனி வைத்தார்கள். வீட்டு ஆட்களும் விடிவதற்குள் மூன்று முறை, ஏழு முறை என்றெல்லாம் காலை உணவு சாப்பிட்டார்கள். நார்வேயிலும் மேற்கு ஸ்வீடனிலும் அந்த இரவில் ஒரு பெண் பேய் அலைந்தாள். கதிரடிப்பை முடிக்காத வீட்டில் புகைக்கூண்டு வழியாக இறங்கிவிடுவாள் என்று பயந்தார்கள். அவள் பெயர் லுஸ்ஸி. அவள் அலைந்த இரவு, டிசம்பர் 13-க்கு முந்தைய இரவு!

புனிதையின் பெயரும் பேயின் பெயரும் காதுக்கு ஏறக்குறைய ஒன்றாகவே ஒலித்தன. நாளும் ஒன்று. இந்தப் பொருத்தத்துக்குப் பின்னால் ஒரு கணக்குப் பிழை இருந்தது. அன்று ஐரோப்பா பின்பற்றிய ஜூலியன் நாட்காட்டி, ஓர் ஆண்டின் நீளத்தைச் சுமார் 11 நிமிடங்கள் அதிகமாகக் கணக்கிட்டிருந்தது. நிமிடங்கள் சேர்ந்து நாட்களாயின. டிசம்பர் கடைசியில் வரவேண்டிய ஆண்டின் மிக நீண்ட இரவு, தேதிகளில் மெல்லப் பின்னோக்கி நழுவி, 14-ஆம் நூற்றாண்டு வாக்கில் லூசியாவின் திருநாளில் வந்து நின்றது. ஆண்டிலேயே அதிக இருட்டான இரவுக்கு, ஒளி என்று பெயர் கொண்ட பெண் சொந்தக்காரி ஆனாள். எவரும் திட்டமிட்டுச் செய்திருந்தால்கூட இவ்வளவு அழகாக அமைந்திருக்காது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அந்தப் பொருத்தத்தை உடைக்கவே வந்ததுபோல 16-ஆம் நூற்றாண்டு வந்தது.

மன்னர் குஸ்தாவ் வாசாவின் காலத்தில் ஸ்வீடன் கத்தோலிக்கத் திருச்சபையிடமிருந்து விலகி மார்ட்டின் லூதரின் வழிக்குப் போனது. புனிதர்களை வேண்டுவது கூடாது என்றானது. ஊர் ஊராக இருந்த புனிதர் வழிபாடு அடங்கியது. லூசியாவும் அந்த வரிசையில் மறைந்துபோயிருக்க வேண்டியவள்தான். அவளைக் காப்பாற்றியது கோவில் அல்ல, தொழுவம். நீண்ட இரவும், பேசும் மாடும், விடியுமுன் சாப்பாடும் பாதிரியாரின் உத்தரவுக்குக் கட்டுப்பட்டவை அல்லவே! இரவுக்குப் பெயர் தங்கியது. பெயருக்கு உருவம் இல்லை. அந்த உருவம் பால்டிக் கடலுக்குத் தெற்கே, ஜெர்மனியில் தயாராகிக்கொண்டிருந்தது.

அங்கேயும் ஒரு புனிதருக்கு வேலை போயிருந்தது. குழந்தைகளுக்குப் பரிசு கொண்டுவரும் புனித நிக்கோலஸை லூதர் வழியினர் ஒதுக்கினார்கள். பரிசு இல்லாமல் குழந்தைகளைச் சமாளிப்பது எப்படி? நிக்கோலஸின் இடத்தில் குழந்தை இயேசுவை வைத்தார்கள். நாளடைவில் அந்த ‘கிறிஸ்ட்கிண்ட்’ வேடத்தில் வெள்ளை உடுத்திய ஒரு சிறுமி, தலையில் மெழுகுவத்தி வளையத்தோடு வீட்டுக்குள் வந்தாள். ஜெர்மானியத் தொடர்புள்ள குடும்பங்கள் வழியாக அந்த வெள்ளை உருவம் மேற்கு ஸ்வீடனின் வசதியான வீடுகளுக்குள் நுழைந்தது என்று நாட்டார் வழக்காற்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கத்தோலிக்கப் புனிதர்களை விரட்டிய இயக்கமே ஒரு கத்தோலிக்கப் புனிதைக்கு உடை தைத்துக் கொடுத்தது. உடையோடு ஒரு பூனையும் வந்தது.

அந்தப் பூனை, மாவில் செய்த பூனை. நல்ல பிள்ளைகளுக்குக் குழந்தை இயேசு பன் தரும்போது, பூனை வடிவில் சாத்தான் வந்து கெட்ட பிள்ளைகளை அடிப்பான் என்றொரு கதை ஜெர்மனிப் பக்கம் உலவியது. சாத்தானுக்கு வெளிச்சம் ஆகாது. ஆகவே பன்னுக்கே வெளிச்சத்தின் நிறம் கொடுத்தார்கள், குங்குமப்பூவைப் போட்டு. தங்கத்துக்கு நிகராகப் பேசப்பட்ட அந்தச் சிவப்பு இழைகளைச் சிட்டிகைச் சர்க்கரையோடு உரலில் நுணுக்கி, வெதுவெதுப்பான பாலில் கரைத்தால் பால் மஞ்சளாகும். அந்தப் பாலில் வெண்ணெயும் ஈஸ்ட்டும் மாவும் சேர்த்துப் பிசைந்து, கயிறாகத் திரித்து, இரு முனைகளையும் எதிரெதிர்ப் பக்கம் சுருட்டினால் படுத்திருக்கும் பூனையின் உடம்பு. ஒவ்வொரு சுருளின் நடுவிலும் ஓர் உலர்திராட்சை. அதை விரலால் நன்றாக ஆழமாக அழுத்த வேண்டும். மேலாக வைத்தால் மாவு உப்பும்போது வெளியே துள்ளிவிடும். ‘லுஸ்ஸேகாட்’, அதாவது லூசியாவின் பூனை, என்று பின்னாளில் பெயர் பெற்ற பன் இதுதான். உடை வந்தது, பூனை வந்தது, பெயர் இருந்தது. அந்த நேரம் பார்த்து ஸ்வீடன் தன் நாட்காட்டியைக் குழப்பிக்கொண்டது.

பிழை திருத்திய கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறவேண்டும் என்பதில் ஸ்வீடனுக்கு மறுப்பு இல்லை. பத்துப் பதினோரு நாட்களை ஒரே அடியாக வெட்டவேண்டுமே என்றுதான் தயங்கினார்கள். ஆளுக்கொரு யோசனை சொன்னதில் ஒன்று வென்றது: 1700 முதல் 1740 வரை வரும் 11 லீப் நாட்களையும் ஒவ்வொன்றாக விட்டுவிடலாம், யாருக்கும் வலிக்காது. 1700-ல் பிப்ரவரி 29 விடப்பட்டது. அதே ஆண்டு பெரும் போர் மூண்டது. மன்னர் 12-ஆம் சார்லஸ் படையோடு புறப்பட்டுப் போனார். 1704-லும் 1708-லும் லீப் நாளை விடவேண்டும் என்ற நினைப்பே யாருக்கும் இல்லை. பழைய நாட்காட்டியோடும் பொருந்தாமல் புதியதோடும் பொருந்தாமல், உலகத்திலேயே வேறெங்கும் இல்லாத ஒரு தேதியில் ஒரு தேசம் பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்ந்தது. வெறுத்துப்போய்ப் பழையதற்கே திரும்ப முடிவெடுத்தார்கள். விட்ட ஒரு நாளைத் திருப்பிச் சேர்க்க, 1712-ல் பிப்ரவரிக்கு 30 நாட்கள் கொடுத்தார்கள். பிப்ரவரி 30! அன்று ஸ்வீடனில் பிறந்த குழந்தைக்கு மறுபிறந்தநாள் வரவே இல்லை.

கடைசியில் 1753-ல் துணிந்தார்கள். பிப்ரவரி 17-க்கு மறுநாள் மார்ச் 1 என்று விடிந்தது. கணக்கு நேரானது, ஆனால் லூசியாவின் இரவு தன் இடத்தை இழந்தது. மிக நீண்ட இரவு டிசம்பர் 21-க்குப் போய்விட்டது, திருநாளோ 13-லேயே நின்றுவிட்டது. ஜனங்கள் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து நீண்ட இரவு என்றால் லுஸ்ஸி இரவுதான். வானியல் சொன்னதற்காக மாட்டுக்குத் தீனி வைக்கும் நாளையா மாற்றுவார்கள்? அப்படி மாற்றாமல் இருந்த ஒரு பகுதியில், பதினோரு ஆண்டுகள் கழித்து, ஒரு விருந்தாளி தூங்கிக்கொண்டிருந்தார்.

1764. மேற்கு ஸ்வீடனின் வாஸ்டர்யோட்லாந்து மாகாணம், ஹோர்ன் என்ற பண்ணை மாளிகை. பயணத்தில் வந்து தங்கியிருந்த அந்த மனிதருக்கு இந்தப் பக்கத்து வழக்கம் எதுவும் தெரியாது. கும்மிருட்டில் பாட்டுச் சத்தம் கேட்டு விழித்தார். அறைக்குள் வெள்ளை உடையில் ஒரு பெண். இடுப்பில் கச்சை, இரு தோள்களிலும் சிறகு போல ஏதோ. பெரிய வெள்ளித் தண்டுகளில் எரியும் மெழுகுவத்திகள் மேசைக்கு வந்தன. பின்னாலேயே இன்னொருத்தி, துணி விரித்த சிறு மேசை நிறையப் பலகாரமும் பானமும் கொண்டுவந்து கட்டிலுக்கு எதிரே வைத்தாள். இது கனவா, மேலுலகமா என்று மிரண்டவருக்குக் கிடைத்த விளக்கம், இவள்தான் லூசியா என்பது. அவர் பின்னாளில் இதை எழுதி வைத்தார். ஸ்வீடனின் வெள்ளை உடை லூசியாவைப் பற்றி நமக்குக் கிடைக்கும் முதல் எழுத்துச் சான்று, தூக்கம் கலைந்த ஒரு வெளியூர்க்காரர் தந்தது! உள்ளூர்க்காரர்களுக்கு அதில் எழுதுவதற்கு ஒன்றுமில்லை, ஆண்டுதோறும் நடப்பதுதானே. அதனால்தான் அந்த வழக்கம் நூறாண்டுக்கும் மேலாக அந்த மாகாணத்துக்குள்ளேயே முடங்கிக் கிடந்தது.

வெளியே எடுத்துவந்தவர்கள் மாணவர்கள். வாஸ்டர்யோட்லாந்துப் பையன்கள் படிப்புக்காக உப்சாலா பல்கலைக்கழகத்துக்குப் போனபோது வீட்டு நினைவையும் மூட்டையில் கட்டிக்கொண்டு போனார்கள். ஒளிக்கும் வழி பிறந்தது. விலங்குக் கொழுப்பில் செய்த பழைய மெழுகுவத்தி நாறும், புகையும், வளையும். தேன்மெழுகோ பணக்காரர் வீட்டுப் பொருள். ‘ஆஃப்டன்பிளாடெட்’ நாளிதழை நிறுவிய லார்ஸ் யூஹான் ஹியர்டா, ஸ்டாக்ஹோமின் லில்யஹோல்மன் பகுதியில் ஸ்டீரின் மெழுகுவத்தி ஆலையை நடத்தினார். நிமிர்ந்து நின்று, நாற்றமில்லாமல் எரியும் வெள்ளை மெழுகுவத்தி சாதாரண வீடுகளுக்கும் எட்டியது. ஒரு பெண் தலையில் தீயைச் சுமந்து நடக்கவேண்டுமென்றால் வளையாத மெழுகுவத்தி வேண்டும்தானே! இப்போது குறை ஒன்றுதான்: அவளுக்கென்று பாட்டு இல்லை.

பாட்டு நேப்பிள்ஸில் இருந்தது. அங்கே கடற்கரையை ஒட்டி சாந்தா லூசியா என்றொரு குடியிருப்பு. நிலவொளியில் படகு சவாரிக்கு வரச்சொல்லி ஒரு படகோட்டி அழைப்பதாக அங்கே ஒரு பாட்டு வழங்கியது. தியோடோரோ கொட்ராவ் அதை இத்தாலிய மொழியில் 1849-ல் வெளியிட்டார். அலையின் ஆட்டத்தைத் தாளமாகக் கொண்ட மெட்டு. அதில் வாளும் இல்லை, தீயும் இல்லை, இருட்டும் இல்லை. இதமான காற்றும் அமைதியான கடலும்தான். ஊர் சுற்றிய அந்த மெட்டு வடக்கே போய்ச் சேர்ந்து, சொற்களுக்காகக் காத்திருந்தது. சொற்கள் வருமுன் ஒரு மேடை வந்தது.

ஆர்தர் ஹசேலியஸ் கவலைப்படுவதில் வல்லவர். கிராமத்து வாழ்க்கை ஆலைகளுக்கும் ரயிலுக்கும் முன்னால் கண்ணெதிரே கரைந்துபோகிறதே என்று பதறி, பழைய மர வீடுகளைக் கழற்றி எடுத்துவந்து ஸ்டாக்ஹோமில் ஒரு குன்றின்மேல் மறுபடி கட்டினார். 1891-ல் ஸ்கான்சன் திறந்தவெளி அருங்காட்சியகம் பிறந்தது. வீடு இருந்தால் போதுமா, வீட்டுக்குள் நடந்ததும் வேண்டாமா? 1893 டிசம்பரில் அங்கே லூசியா கொண்டாடப்பட்டது. மேற்கத்திய மாகாணத்தின் ஒரு வீட்டு வழக்கத்தைத் தலைநகரத்து மக்கள் கண்ணால் கண்டார்கள். அழிந்துபோகும் என்று அஞ்சிக் காட்சிக்கு வைக்கப்பட்ட பொருள், காட்சியிலிருந்து எழுந்து தெருவுக்கு வந்தது!

தெருவில் இறக்கியது ஒரு பத்திரிகை. 1927-ல் ‘ஸ்டாக்ஹோம்ஸ் டாக்பிளாட்’ நாளிதழ், நகரத்துக்கு ஒரு லூசியாவைத் தேர்ந்தெடுக்கும் போட்டியை நடத்தியது. கடைசியில் ஒருத்தி கிரீடத்தோடு நகர வீதியில் வந்தாள். மற்ற ஊர்ப் பத்திரிகைகளும் விடவில்லை. சில ஆண்டுகளில் ஊருக்கொரு லூசியா. மறு ஆண்டு, 1928-ல், அர்விட் ரூசேன் என்பவர் நேப்பிள்ஸ் மெட்டுக்கு ஸ்வீடிஷ் சொற்கள் எழுதினார். படகோட்டி போய், பண்ணை வீடும் கனத்த இரவும் வாசலில் ஒளியும் வந்தன. நிலவில் ஆடிய அலை, இருட்டில் மெல்ல நடக்கும் அடியாக மாறியது. அதே மெட்டு! இதைக் கேட்டு வளர்ந்த ஸ்வீடிஷ்காரர் ஒருவர் நேப்பிள்ஸில் படகோட்டியின் வாயால் கேட்டால், கோடையில் பனி பெய்ததுபோல இருக்கும்.

வழியில் சேர்ந்தவர்களும் உண்டு. ஜனவரியில் மூன்று ராஜாக்கள் நாடகம் போட்டு வீடு வீடாகப் போன பையன்கள், நட்சத்திரம் ஒட்டிய கூம்புக் காகிதத் தொப்பியோடு அவள் பின்னால் வந்து நின்றார்கள். இடுப்பில் சிவப்புக் கச்சை ஏறியது. சிராகூசாவில் சிந்திய ரத்தம் அது என்றார்கள். கிரீடம் லிங்கன்பெர்ரிச் செடியின் பசிய கிளைகளால் ஆனது. பனியிலும் உதிராத இலை. கிரீடத்துக்கு அடியில் ஈரத்துணி ஒன்றை மடித்து வைப்பார்கள், உருகும் மெழுகு கூந்தலில் இறங்காமல் இருக்க. அப்படியும் முடி பொசுங்கிய கதைகள் ஏராளம். அதனால் பள்ளிகளில் தீக்குப் பதில் பேட்டரி விளக்குகள் ஏறின. பெரியவர்கள் சுமக்கும் கிரீடங்களில் இன்றும் நிஜத் தீ எரிவதுண்டு. அதைச் சுமப்பவள் தலை குனிய முடியாது, திரும்பிப் பார்க்க முடியாது. கழுத்தை நிமிர்த்தி, மூச்சைக்கூட அளந்து விட்டு நடக்கவேண்டும். அவள் முகத்தில் தெரியும் அந்த அமைதியில் பாதி, தலைமேல் இருக்கும் தீக்காக!

டிசம்பர் 10 அன்று ஸ்டாக்ஹோமில் நோபல் பரிசு வாங்கியவர்கள் தங்கும் கிராண்ட் ஹோட்டலில், மூன்றாம் நாள் விடியுமுன் அறைக் கதவு திறப்பதும், பாட்டோடு வெள்ளை உடைப் பெண்கள் உள்ளே வருவதும், கையில் காபியும் பன்னும் இருப்பதும் நெடுநாள் வழக்கம். வாஸ்டர்யோட்லாந்து விருந்தாளிக்கு நேர்ந்தது அப்படியே உலகத்து அறிஞர்களுக்கும் நேர்கிறது.

மற்றவர்களுக்குப் பள்ளியிலும் தேவாலயத்திலும் அலுவலகத்திலும் மருத்துவமனை வார்டுகளிலும் அதே டிசம்பர் 13 காலை. முதல் நாளே கடைகளில் அரை கிராம் குங்குமப்பூப் பொட்டலங்கள் விற்றுப்போயிருக்கும். குழந்தைகள் கோட்டுக்குள் வெள்ளை அங்கியை மறைத்துக்கொண்டு பனியில் நடந்து வந்திருப்பார்கள். மண்டபத்தின் விளக்குகள் முதலில் அணைக்கப்படும். இருமல் அடங்கும். எங்கோ தூரத்தில் படகோட்டியின் மெட்டு மெல்லக் கேட்கும்; வாசல் ஓரம் வெளிறும்; நிமிர்ந்த கழுத்தோடு அவள் உள்ளே வருவாள், பின்னால் ஆளுக்கொரு மெழுகுவத்தியோடு வரிசை. அரை மணி நேரம் பாட்டு. போகும்போதும் பாடிக்கொண்டே போவார்கள். சத்தம் நடைக்கூடத்தில் தேய்ந்து, கடைசிச் சுடரும் கதவுக்கு அப்பால் மறையும். சில நொடிகள் யாரும் விளக்கைப் போடமாட்டார்கள். பிறகு காபியும், கை மணக்கும் மஞ்சள் பன்னும். ஜன்னலுக்கு வெளியே இன்னும் விடிந்திருக்காது.